எண்பத்தெட்டுக்கு எழுபத்தேழு ஜோடியா?

ஒரு காரின் பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான்கு ஆண்கள் சுற்றி நின்றால் அங்கே ஒரு வேலையும் நடக்கவில்லை என்று அர்த்தம். ஒருவன் இடுப்பில் கை வைத்திருப்பான். இன்னொருவன் ஒரு குழாயைத் தொட்டு "உஸ்" என்று கையை இழுப்பான், சூடாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும். மூன்றாமவன் தன் மாமன் வண்டிக்கு இதேபோல ஆன கதையைச் சொல்வான். நாலாவது ஆள் டீ வாங்கிவர ஆள் தேடுவான். சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலிலேயே இதைப் பலமுறை பார்த்துவிட்டேன். டீ போட்டுக் கொடுத்தவளும் நான்தான்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுகிறாள். நான் 'கீது' என்றால் அவள் 'இருக்கிறது' என்று போடுகிறாள். போடட்டும், படிக்கிற பிள்ளை. எழுத்துதான் தெரியாதே தவிர எண் நன்றாகத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன யூனிட்டில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். கார்களுக்கும் வேன்களுக்கும் போடுகிற தெர்மோஸ்டாட் செய்கிற இடம். ஒரு பெரிய தொட்டி நிறைய வெந்நீர். அதற்குள் கொக்கிகளில் தெர்மோஸ்டாட்டுகள் வரிசையாகத் தொங்கும். பக்கத்தில் தண்ணீரின் சூட்டைக் காட்டும் எண் ஓடும். சூடு ஏற ஏற ஒவ்வொன்றாக வாய் திறக்கும். எந்த எண்ணில் எது திறக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. எண்பத்திரண்டில் திறக்க வேண்டியது எண்பத்திரண்டில் திறந்தால் பச்சைப் பொட்டு. ரொம்ப முன்னே பின்னே போனால் சிவப்புப் பொட்டு, நேரே குப்பைக்கு. சூப்பர்வைசர் பையன் டிப்ளமா படித்தவன். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வதற்குள் நான் பொட்டு வைத்து முடித்திருப்பேன். அடுத்த மேசையில் ஒருத்தி ஃபேன் சுவிட்சுகளை இதேபோல வெந்நீரில் இறக்கி, பல்பு எப்போது எரிகிறது, எப்போது அணைகிறது என்று பார்ப்பாள். மதியம் அவள் வீட்டு வத்தக்குழம்பு எனக்கு, என் வீட்டு மீன் குழம்பு அவளுக்கு.

இது என்ன சாமான் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கே தெரியாது, அதனால் யாரும் வெட்கப்பட வேண்டாம். இன்ஜினைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. முன்பக்கம் இருக்கிற ரேடியேட்டருக்குப் போனால்தான் அது ஆறும். இரண்டுக்கும் நடுவே ஒரு வாசல் மாதிரி இருப்பது தெர்மோஸ்டாட். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது வாசல் மூடியிருக்கும், இன்ஜின் சட்டென்று பதமான சூட்டுக்கு வரட்டும் என்று. சூடு வந்ததும் திறக்கும். தண்ணீர் போய் ஆறித் திரும்பும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் எதிர்க்காற்றே போதும். டிராபிக்கில் நின்றுவிட்டால் காற்று ஏது? தண்ணீர் மேலும் சூடாகும். அப்போது ரேடியேட்டரில் திருகியிருக்கிற ஃபேன் சுவிட்ச் விசிறியை ஓடவிடும், கொஞ்சம் ஆறியதும் நிறுத்தும். முதலில் வாசல், அப்புறம் விசிறி. இரண்டின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். சோறு வெந்த பிறகு வடிப்பதற்கு எவ்வளவு அறிவு வேண்டுமோ அவ்வளவு போதும் இதைப் புரிந்துகொள்ள.

வண்டி என் மருமகளுடையது. பழைய பெட்ரோல் கார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று அவள் சொன்னபோது முதலில் சிரித்தது நான்தான். ஆறு மாதத்தில் லைசன்ஸ் வாங்கிவிட்டாள். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் இருக்கிற நான்கு பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு போரூரில் அவர்கள் ஆபீசில் விடுவாள். சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவாள். அந்த ஓட்டம் வந்த பிறகு அவள் நடையே மாறிவிட்டது. சாவியை விரலில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் வருவாள். பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருக்கும். நானும் ஒருநாள் சாவியை வாங்கி, யாரும் பார்க்காதபோது சுற்றிப் பார்த்தேன். விழுந்துவிட்டது.

என் மகன் நெடுஞ்சாலையோரம் ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அதனால் நான்கு சக்கரம் உள்ள எல்லாமே தனக்குத் தெரியும் என்பது அவன் நினைப்பு. அவனுடைய கூட்டாளி பூந்தமல்லியில் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். மெக்கானிக் நல்ல மனுஷன்தான். கெட்டவனாக இருந்திருந்தால் அப்போதே மாற்றியிருப்போம்.

போன வருடம் கோடையில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருந்த இடத்தில் வண்டி முதல் தடவை கொதித்தது. தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிப்போயிருந்தது. மெக்கானிக் அதைக் கழற்றினான். புதிதாக ஒன்று போடுவான் என்று பார்த்தால், வெறுமனே மூடியைப் பூட்டிவிட்டான்.

"இன்னா நைனா, வாசலையே காணோம்?" என்றேன்.

"அதெல்லாம் குளுரு ஊருக்கு ஆயா. வெள்ளக்காரன் பனியில வண்டி ஓட்றான், அவனுக்கு வேணும். நம்மூரு வெயிலுக்கு இது எதுக்கு? சும்மா அடச்சிக்கினு கீது."

இருபத்தாறு வருடம் நான் பச்சைப் பொட்டு வைத்து அனுப்பியதெல்லாம் பனி பெய்கிற ஊருக்குத்தான் போனது போலிருக்கிறது. அதோடு விட்டானா? ஃபேன் சுவிட்சையும் நம்ப வேண்டாம் என்று ஒயரை நேராகக் கொடுத்துவிட்டான். சாவி போட்டால் விசிறி ஓடும், சாவி எடுத்தால்தான் நிற்கும். இந்தப் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பழைய வண்டி எதுவாக இருந்தாலும் தெர்மோஸ்டாட்டைக் கழற்று, ஃபேனை நேராகக் கொடு. தலைவலி என்று போனால் தலையை எடுத்துவிட்டு, இனி வலிக்காது பார் என்கிற வைத்தியம்.

காலையில் இன்ஜின் சூடே ஏறாது. பெட்ரோல் தாகம் எடுத்தவள் மோர் குடிப்பதுபோலக் குடித்தது. மழைநாளிலும் விடியற்காலையிலும் கூட விசிறி கத்திக்கொண்டே இருந்தது. வண்டி ஓடுகிற நேரமெல்லாம் நிற்காமல் சுற்றுகிற விசிறி எத்தனை நாள் தாங்கும்? இந்த வருடம் வெயில் தொடங்கியதுமே அதன் மோட்டார் கருகிவிட்டது. அதே ரோடு, அதே தடுப்பு, நான்கு பெண்களும் உள்ளே. பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. அவர்கள் இறங்கி வெயிலில் நின்று ஆட்டோ பிடித்தார்கள்.

அந்த நால்வரில் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திதான் தலைவி மாதிரி. அன்று சாயங்காலம் மருமகளுக்குப் போன் செய்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

"அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு வாட்டி ஆயிருச்சுங்க. வண்டிய சரி பண்ணிட்டு வாங்க, திங்கக்கெழம வர்றோம். மறுபடியும் நடுரோட்டுல நின்னுட்டா நாங்க வேற வண்டி பாத்துக்கறோமுங்க."

வலிக்காத மாதிரியே பேசி வெட்டுவது அந்த ஊர்க்காரர்களுக்குக் கைவந்த கலை. மருமகள் "சரிங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள். என் மகன் சும்மா இருந்திருக்கலாம். இருந்தானா?

"நான் அப்பவே சொன்னேன். வித்துடலாம். குடோனுல ஒருத்தன் கேட்டுக்கினே கீறான். திங்கக்கெழம சாயங்காலம் வந்து பாக்கச் சொல்லிக்கீறேன்."

"என் வண்டிய நீ எப்டி விப்ப?" என்றாள் மருமகள்.

"திங்கக்கெழம ஒழுங்கா போச்சின்னா வச்சிக்கோ. நின்னுச்சின்னா வித்துட்டு ஊட்ல கெட. நானா வேணான்றேன்?"

அவள் அன்று சாப்பிடவில்லை. நான் வைத்த சுறாப்புட்டைச் சாப்பிடாதவள் இந்த வீட்டில் இதுவரை பிறக்கவும் இல்லை, வாழ்க்கைப்படவும் இல்லை. அப்போதுதான் எனக்கு விஷயம் எவ்வளவு பெரிது என்று உறைத்தது.

மெக்கானிக் வண்டியை ஷெட்டுக்கு இழுத்துப்போய் வெள்ளிக்கிழமை கொண்டுவந்து நிறுத்தினான். மருமகள் சண்டை போட்டதால் இந்தத் தடவை எல்லாவற்றையும் "கம்பெனி மாதிரியே" மாட்டியிருக்கிறேன் என்றான். புது ஃபேன் மோட்டார், தெர்மோஸ்டாட், ஃபேன் சுவிட்ச். எங்கள் வீட்டு முன்னால் இன்ஜினை ஓடவிட்டு, விசிறி சுழல்வதைக் காட்டி, மாலை போட வேண்டும் என்பதுபோல நின்றான். மகன் அவன் முதுகில் தட்டினான். இன்ஜினை அணைக்காமலே இரண்டு பேரும் போய்விட்டார்கள். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அரிசி புடைத்து முடித்தேன், கல் பொறுக்கினேன், உள்ளே போய் உலை வைத்துவிட்டு வந்தேன். விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"இது எப்ப நிக்கும்?" என்று மருமகளிடம் கேட்டேன்.

"ஆறனா நிக்கும் அத்தே."

"ஆறவே இல்லியே."

சோறு வெந்தது. விசிறி நிற்கவில்லை. ஷெட்டில் கொடுத்த காலி அட்டைப்பெட்டிகளை மருமகள் டிக்கியிலிருந்து எடுத்து வந்தாள். ஒன்றில் எண்பத்தெட்டு என்று இருந்தது. அது தெர்மோஸ்டாட். இன்னொன்றில் எண்பத்திரண்டு, பக்கத்தில் எழுபத்தேழு. அது சுவிட்ச்: எண்பத்திரண்டில் விசிறி ஓடும், எழுபத்தேழில் நிற்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தேன்.

வாசல் திறப்பதே எண்பத்தெட்டில். திறந்ததும் ரேடியேட்டருக்கு வருகிற தண்ணீரே எண்பத்தெட்டு. அது வந்த நிமிடமே விசிறி ஓடத் தொடங்கிவிடும். நிற்க வேண்டுமானால் எழுபத்தேழுக்கு இறங்க வேண்டும். வாசலிலிருந்து வந்துகொண்டே இருக்கிற தண்ணீர் எண்பத்தெட்டாக இருக்கும்போது எப்படி எழுபத்தேழு ஆகும்? அந்த விசிறி ஜன்மத்துக்கும் நிற்காது. ஒயரை நேராகக் கொடுத்ததற்கும் இதற்கும் ஒரே வித்தியாசம், இதற்கு இரண்டு அட்டைப்பெட்டி கூடுதல். இந்த மோட்டாரும் கருகும். என்றைக்குக் கருகும் என்பதுதான் தெரியாது. திங்கட்கிழமையாகக்கூட இருக்கலாம்.

மருமகள் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"சீக்கிரம் ஓடுனா சீக்கிரம் குளுரும்மா. நல்லதுதானே? ஷெல்ஃபுல இருந்ததுல இதான் நல்ல செட்டு."

"செட்டா? எண்பத்தெட்டுக்கு எழுபத்தேழு ஜோடியாடா?" என்று நான் போனில் கத்தினேன். "ஆறடி மாப்ளைக்கு அஞ்சு வயசு பொண்ண பாத்து கட்டி வெச்சிட்டு நல்ல செட்டுன்றான்!"

"ஆயா மெக்கானிக் ஆயிட்ச்சி டோய்!" என்று அவன் சொன்னதும், பக்கத்தில் யாரோ சிரித்ததும் கேட்டது. சிரித்தது என் மகன். பெற்றவளுக்குத் தெரியாதா?

சரியான எண் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் அதைக் கேட்டதும் மருமகள் காரின் முன்பக்கப் பெட்டியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். வண்டியோடு வந்த புத்தகம், பிளாஸ்டிக் உறை கூடக் கிழியவில்லை. அதைத் திறந்தால் ஆண்மைக்கு இழுக்கு போலிருக்கிறது, இந்த வண்டியை வைத்திருந்த எவனும் திறக்கவே இல்லை. அவள் பிளஸ் டூ படித்தவள். இங்கிலீஷை விரல் வைத்து விரல் வைத்துப் படித்தாள். தெர்மோஸ்டாட் எண்பத்திரண்டு. விசிறி தொண்ணூற்றிரண்டில் ஓட வேண்டும், எண்பத்தேழில் நிற்க வேண்டும். பார்த்தீர்களா, எவ்வளவு அழகு! எண்பத்திரண்டில் வாசல் திறந்து, அதுவும் போதாமல் சூடு தொண்ணூற்றிரண்டுக்குப் போனால்தான் விசிறி வருகிறது. எண்பத்தேழுக்கு வந்ததும், வாசல் திறக்கிற எண்ணுக்கு மேலேயே நின்றுவிடுகிறது. ஓடுகிறது, ஓய்வெடுக்கிறது. அந்த எண்களைக் கேட்டதும் எனக்கு மறுபடி தொட்டி ஓரம் நிற்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை இருவரும் பூந்தமல்லிக்குப் போனோம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஸ்பேர்ஸ் கடையில் அவள் எண்ணைச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரர் அவளைப் பார்க்காமல், கடைக்கு வெளியே யாராவது ஆம்பளை வந்திருக்கிறானா என்று எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுதாம்மா. எது போட்டாலும் ஒக்காரும்."

"ஒக்கார்றதுக்கு நான் ஸ்டூல் வாங்க வர்ல," என்றேன். "நம்பர் பாத்து குடு."

எண்பத்திரண்டு என்று முத்திரை குத்திய தெர்மோஸ்டாட் இரண்டு, தொண்ணூற்றிரண்டு எண்பத்தேழு என்று போட்ட சுவிட்ச் ஒன்று. ஏன் இரண்டு தெர்மோஸ்டாட் என்று மருமகள் கேட்டாள். முத்திரையை நம்புகிறவள் வெந்நீர்த் தொட்டியில் வேலை பார்த்திருக்க மாட்டாள் என்றேன்.

வெந்நீரில் போட்டுப் பார்க்க, சூட்டைக் காட்டும் கம்பி வேண்டுமே? காய்ச்சல் பார்க்கிறது உதவாது. அந்தக் கோயம்புத்தூர்ப் பெண் கேக் செய்கிறவள் என்று மருமகளுக்குத் தெரியும். திரும்பும்போது வீட்டைத் தாண்டிப் பருத்திப்பட்டு வரை போய், சர்க்கரைப் பாகின் சூடு பார்க்க அவள் வைத்திருந்த கம்பியை வாங்கி வந்தோம். பாகு பதம் பார்ப்பதற்குக் கம்பியாம்! நான் இரண்டு விரலால் பார்ப்பேன். எதற்கு என்று அவள் கேட்டாள். பாகுக்குத்தான் என்று நான் முந்திக்கொண்டேன். வண்டி என்று சொன்னால் அவள் பயந்துவிடுவாள்.

வீட்டில் குண்டானில் தண்ணீர் வைத்து அடுப்பை ஏற்றினேன். தெர்மோஸ்டாட் ஒன்றை உள்ளே போட்டேன், கம்பியை விட்டேன். மருமகள் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தாள். எழுபதில் அது வாய் பிளந்தது.

"எழுபதா? எண்பத்திரண்டுன்னு குத்திட்டு எழுபதுல தெறக்குதா?" மருமகளின் போனைப் பிடுங்கிக் கடைக்காரருக்குப் போட்டேன். அவருடைய பரம்பரையில் ஒருவரையும் விடவில்லை. அவர் "ஆயா, ஆயா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், பாவம். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மருமகள் மெல்லச் சொன்னாள்:

"அத்தே, அது அடியில குந்திக்கினு கீது."

பார்த்தேன். தெர்மோஸ்டாட் குண்டானின் அடியிலேயே உட்கார்ந்திருந்தது. கீழே நெருப்பு. அடி கொதிக்கிறது, மேலே தண்ணீர் எழுபதுதான். யூனிட்டில் தொட்டிக்குள் கொக்கி இருந்தது, எல்லாம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். இருபத்தாறு வருடத்தில் அடியில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்கு யோசிக்க வேண்டிய தேவையே வரவில்லை. போனை எடுத்து, "வெச்சிட்றேன் நைனா, அப்றம் பேசறேன்," என்று சொல்லி வைத்துவிட்டேன். மருமகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை வேறு பார்க்க வேண்டியிருந்தது.

தண்ணீரை மாற்றினோம். கரண்டியைக் குண்டானின் குறுக்கே வைத்து, பூக்கட்டும் நூலில் இரண்டு தெர்மோஸ்டாட்டையும் கட்டித் தொங்கவிட்டோம். அடுப்பைக் குறைத்து வைத்தோம். எண்பது, எண்பத்தொன்று, எண்பத்திரண்டு. எண்பத்து மூன்று வரும்போது ஒன்று உதடு பிரித்தது. அப்படியே மெல்லத் திறந்தது, தூங்கி எழுந்த குழந்தை கொட்டாவி விடுவதுபோல. இன்னொன்று கல்லு மாதிரி இருந்தது. தொண்ணூற்றொன்றில்தான் திறந்தது. ஆகக் கடைக்காரரைத் திட்டியதில் பாதி சரிதான். மீதிப் பாதி அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

சுவிட்சையும் கட்டி, டார்ச் லைட் பேட்டரியையும் பல்பையும் ஒயரால் சேர்த்துப் பார்த்தோம். தொண்ணூற்றிரண்டில் பல்பு எரிந்தது. அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் குனிந்து அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தோம். எண்பத்தேழில் டப்பென்று அணைந்தது. மருமகள் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். நான் திருப்பிக் கிள்ளினேன். நெற்றிக்கு வைத்திருந்த குங்குமத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, கெட்ட தெர்மோஸ்டாட்டுக்குச் சிவப்புப் பொட்டு வைத்து மூலையில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகனும் மெக்கானிக்கும் திருமழிசையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். காதுகுத்தில் குத்திக்கொள்கிற குழந்தையைவிடப் பிரியாணிக்கு வருகிறவர்கள்தான் அதிகம் அழுவார்கள், தாமதமானால். அவர்கள் வருவதற்கு மாலையாகும். மருமகள் மகனின் ஸ்பேனர் பெட்டியைத் தெருவுக்கு இழுத்து வந்தாள். இரண்டு போல்ட்டுதான். மெக்கானிக் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். டீ கொடுக்கிற சாக்கில் எத்தனையோ கற்றுக்கொள்ளலாம். ரேடியேட்டரில் ஊற்றியிருந்த பச்சை நிறக் கூலன்ட் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தோம். பழையதைக் கழற்றி, கசியாமலிருக்கப் புது பேக்கிங் வைத்து, எண்பத்திரண்டைப் பூட்டினாள். சுவிட்சை மாற்றினாள். அந்தப் பச்சை நிறத் தண்ணீரை மறுபடி ஊற்றி, உள்ளே அடைந்த காற்று போவதற்காக மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டாள். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. குமிழ் நின்றதும் மூடினாள். எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னாமா, மாமியாரும் மருமவளும் கார பிரிச்சிட்டீங்க?" என்றார். "உங்க ஊட்டு ஸ்கூட்டர் கூட இட்டாங்க," என்றேன். போய்விட்டார்.

காத்திருந்தோம். ரேடியேட்டருக்குப் போகிற குழாயைத் தொட்டுக்கொண்டே இருந்தேன். சில்லென்று இருந்தது. பிறகு சட்டென்று சுட்டது: வாசல் திறந்துவிட்டது. விசிறி அசையவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். மருமகள் நகம் கடித்தாள். பிறகு ஒரு உறுமலோடு விசிறி கிளம்பியது. நான் எண்ணத் தொடங்கினேன். நூற்று நாற்பது எண்ணும்போது விசிறி தானாக நின்றது. அப்படி ஒரு அமைதி. இன்ஜினின் மெல்லிய சத்தம் மட்டும். எனக்கு அந்த இடத்திலேயே ஆடலாம் போல இருந்தது. முட்டிதான் விடவில்லை.

மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அந்த நேரம் பார்த்து இருவரும் பிரியாணி வாசனையோடு வந்து இறங்கினார்கள்.

"மச்சான், ஃபேன் நின்னுபோச்சி பாரு!" என்று மகன் கூவினான்.

மெக்கானிக் ஓடிவந்தான். "நான் போட்ட சுவிட்ச் எங்க? யாரு கை வெச்சது? ஐயோ, கொதிச்சிடும் மச்சான், ஒயர குடு, டைரெக்டா அடிச்சி விடறேன்!" பையிலிருந்து கத்தியை எடுத்து ஒயரைச் சீவவே போய்விட்டான்.

மருமகள் பானட்டுக்கும் அவனுக்கும் நடுவே வந்து நின்றாள். அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"அண்ணாத்தே, ஒயர்ல கை வெச்ச, கை இருக்காது. ரெண்டு நிமிஷம் மூடிக்கினு நில்லு."

நின்றான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. விசிறி தானாக ஓடியது. மெக்கானிக் விசிறியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மகனைப் பார்த்தான். பிறகு நின்றது. "லூஸ் காண்டாக்ட்டா இருக்கும்," என்றான். அவனுக்குப் பதில் சொல்வதற்கு எனக்கு வயதாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை நால்வரில் ஒருத்தி லீவு. முன்சீட்டு காலி. நான் புதுப்புடவை கட்டி, கேட்காமலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கோயம்புத்தூர்ப் பெண் பின்னால் உட்கார்ந்து, "பாட்டிம்மாவும் ஆபீசுக்குங்களா?" என்றாள். "ஆமா, மேனேஜர் வரச் சொன்னாரு," என்றேன். கம்பியைத் திருப்பிக் கொடுத்தேன். பாகு நன்றாக வந்ததா என்று கேட்டாள். பதம் தப்பவே இல்லை என்றேன்.

பூந்தமல்லியைத் தாண்டியதும் எல்லாம் நின்றது. ஒரு பக்கம் மெட்ரோ தடுப்பு, இன்னொரு பக்கம் தண்ணி லாரி, முன்னால் ஷேர் ஆட்டோக்கள். இரண்டு தடவை கொதித்த அதே இடம். மருமகளின் கழுத்தில் வியர்வை இறங்கியது. அவள் சூடு காட்டும் முள்ளையே பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். விசிறி கிளம்பியது.

"என்னங்க்கா சத்தம்? மறுபடியும் கொதிக்குதுங்களா?" பின்னாலிருந்து அந்தப் பெண்.

"ஃபேன் மேடம்."

கொஞ்ச நேரம் கழித்து நின்றது.

"ஐயோ, நின்னுருச்சே?"

"நிக்கணும் மேடம். நிக்கறதுதான் நல்லது," என்றாள் மருமகள். முள் நடுவில் நின்றது. ஓடியது, நின்றது, ஓடியது, நின்றது. ஒவ்வொரு தடவையும் நான் எண்ணினேன். குமணன்சாவடி தாண்டுவதற்கே அரை மணி நேரம் ஆனது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண் கண்ணாடியில் தலை சாய்த்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் உயிர் ஊசிமுனையில் நிற்கிறது, மகராசி குறட்டை விடுகிறாள்!

போரூரில் இறங்கியபோது அவள் கொட்டாவியை மறைத்துக்கொண்டு, "சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துருங்க்கா. இனி எப்பவும் போலத்தானுங்க," என்றாள். அவ்வளவுதான். ஒருத்தி சோறு தின்னாமல் கிடந்ததற்கு இவ்வளவுதான் தீர்ப்பு.

மருமகள் மகனுக்குப் போன் போட்டாள். "வண்டி வாங்க வர்ற அந்த ஆள வர வேணாம்னு சொல்லு. ஆறு மணிக்கு எனக்கு ஓட்டம் கீது." அவன் என்னவோ சொன்னான். மச்சான் நல்லாத்தான் ரிப்பேர் பண்ணிக்கீறான் என்று சொல்லியிருப்பான். அவள் காதிலிருந்து போனை எடுத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகலாம் என்று நான் சாய்ந்து உட்கார்ந்தபோது அந்தப் பெண் மறுபடி ஓடிவந்தாள். ராத்திரி வேலை முடிந்த நான்கு பேர் அதே பருத்திப்பட்டு அடுக்குமாடிக்குத்தான் போக வேண்டுமாம், தினமும் இதே நேரம், வண்டி கிடைக்காமல் அல்லாடுகிறார்களாம். நால்வரும் பையும் கையுமாக அவள் பின்னாலேயே நின்றார்கள். மருமகள் அவர்களைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அத்தே, எறங்கு."

"இன்னாடி?"

"நாலு பேரு கீறாங்க. நாலு சீட்டுதான் கீது. பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதானே, போ."

நான் இறங்கினேன். அவர்கள் ஏறினார்கள். அவள் இண்டிகேட்டரைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, ஒழுங்காகத் திரும்பி, ஒரு கையைக்கூட ஆட்டாமல் போய்விட்டாள். புதுப்புடவையோடு போரூர் ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் அவளை வாய் வலிக்கத் திட்டினேன். பிறகு பூந்தமல்லி பஸ் வந்தது, கூட்டமான கூட்டம், ஒரு பயல் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்துகொண்டேன்.